அரக்கனுக்குக் கற்பூரம்

1

இன்று காலை தபாலில் என் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. இந்த வருஷத்து ஆண்டு விழாவுக்கு அழைப்பு. அச்சடித்த தாள், நாலாக மடித்தது. அடுப்படியில் நின்றுகொண்டே ஒரு கண் ஓட்டினேன். கீழிருந்து மூன்றாவது வரியைப் படித்ததும் வந்த சிரிப்பில், பால் பொங்கி அடுப்பையே அணைத்துவிட்டது. கீழ்வீட்டுச் சீனத்தி படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அந்த வரி என்ன என்று இப்போதே சொல்லிவிட்டால் நீங்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவீர்கள். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? போன வருஷம் இதே விழாவில் நடந்ததைச் சொன்னால்தான் அந்த வரியின் ருசி தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் சிங்கப்பூருக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. 'அங்கே வாழ்க்கை எப்படி, எழுதுங்களேன் அம்மா' என்று பத்திரிகை ஆசிரியர் கேட்கும்போதெல்லாம், ஊரை நினைத்து நாலு பக்கம் மூக்கைச் சிந்துவேன் என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. இந்தப் பூங்காவனம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. பாகூர் ஏரி அங்கேயேதான் இருக்கிறது, ஓடிப் போய்விடவில்லை. எனக்கு இங்கே தலைக்கு மேல் வேலை. ஆகவே இந்த முறை இங்கிலீஷ்காரர்களின் பேய் பிசாசுகளைப் பற்றி எழுதுகிறேன்.

2

என் மகள் பெயர் தனலட்சுமி. வீட்டில் தனம். பள்ளிக்கூடத்தில் டானா. இரண்டு வயதில் கப்பலேறியவள், இப்போது ஒன்பது.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் மாதம், ஒருநாள் அழைத்துவரப் போயிருந்தேன். வகுப்பு டீச்சரைப் பிள்ளைகள் சின்ன மிஸ் என்பார்கள். இருபத்தைந்து வயதுகூட இருக்காது, முகமெல்லாம் பழுப்புப் புள்ளி. அவள் தனத்தின் தலையைத் தடவி, என்னைப் பார்த்துச் சிரித்து, "லிட்டில் மான்ஸ்டர்!" என்றாள். நானும் பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் கேட்டேன்.

"ஏண்டி, மான்ஸ்டர்னா இன்னா?"

"பெரிய அசுரன்மா. கொம்பு இருக்கும். ஆளத் திங்கும்."

எனக்கு வந்ததே கோபம்! குடையை மடக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். பிள்ளை என் புடவையைப் பிடித்துத் தொங்கினாள். "அய்யோ, சண்டைக்குப் போவாதம்மா! செல்லமாச் சொன்னாங்க!"

அசுரன் என்று சொல்வது செல்லமா? அன்றைக்கே இரட்டைக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். தனம் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்தேன். ஜயண்ட், பனைமர உயரத்து ஆள். ஓகர், அவனும் அந்த உயரம்தான், ஆனால் மனுஷரைத் தின்பான். காப்ளின், குள்ளன், திருட்டுப்பயல். விச், துடைப்பத்தில் ஏறிப் பறக்கிற சூனியக்காரி. வாம்பயர், ரத்தம் குடிக்கிறவன், ஆனால் துரை மாதிரிக் கோட்டு போட்டிருப்பானாம். போகிமேன் என்று ஒருவன். அவன் எப்படி இருப்பான் என்று ஒருவருக்கும் தெரியாது.

"தெரியாம எப்படிடி பயப்படறது?" என்றேன்.

"தெரியாததுதாம்மா பயம்" என்றாள். வாய் என்னைப் போலவே.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வெள்ளைக்காரர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இவற்றையெல்லாம் வெற்றிலை மாதிரி வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறார்கள். ஒருத்தரும் பயப்படுவதில்லை. மார்க்கெட்டில் பூசணிக்காய் கொஞ்சம் பெரிதாக இருந்தால் மான்ஸ்டர். கண்டிப்பான பொம்பளை என்றால் டிராகன். பாவப்பட்டவன் பூவர் டெவில், அதிர்ஷ்டக்காரன் லக்கி டெவில். நம்மூரில் ஒருத்தனைப் பார்த்து 'அதிர்ஷ்டக்காரப் பிசாசே' என்று கொஞ்சிப் பாருங்கள், செருப்பு பறந்துவரும்.

என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்துக் கிட்டங்கியில் சரக்குப் பார்க்கிற வேலை. ஒருநாள் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"பூங்காவனம், துரை என்னை டெமன்னு சொல்லிட்டாரு! டெமன் மாதிரி வேலை செய்யறேனாம்."

"டெமன்னா அரக்கங்க."

"அதான் சொல்றன். எப்படியோ கண்டுபுடிச்சிட்டாரு பாரு!" என்று மீசையைத் தடவினார். அவர் ஏன் அப்படிப் பெருமைப்பட்டார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இங்கிலீஷ் பேய்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. ஒன்றுக்கும் விலாசம் கிடையாது. எங்கள் கரியமாணிக்கத்து எல்லைப் பனையில் இருக்கிற முனி என்றால் அது அந்த முனிதான், வேறு முனி இல்லை. அதற்குச் சுருட்டுதான் பிடிக்கும், பீடி வைத்தால் கோபம் வரும். அதன் தங்கை ஒருத்தி மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு புளியமரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஓகருக்கு எந்த ஊர்? பெண்டாட்டி உண்டா, பிள்ளை உண்டா? கதையில் வருகிறான், தின்கிறான், யாரோ அவனைக் கொல்கிறார்கள், புத்தகம் முடிந்துவிடுகிறது. செத்தவனை என்ன செய்தார்கள் என்று தனத்தைக் கேட்டேன். தெரியவில்லை. சின்ன மிஸ்ஸைக் கேட்டுவரச் சொன்னேன். அவளுக்கும் தெரியவில்லையாம். எனக்கு மனசே கேட்கவில்லை. ஒருத்தனைக் கொன்றுபோட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டா போவார்கள்?

3

பேய்களாவது கதையோடு போய்விடும். ஆபீஸ் மேஜைகள் அப்படி இல்லை.

தனத்தைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது குமாஸ்தாப் பெண் முதல் கேள்வியாகத் தகப்பனார் பெயரைக் கேட்டாள். கட்டின புருஷன் பெயரை நான் எப்படி வாயால் சொல்வேன்? "காவடி எடுப்பாங்களே, அந்தச் சாமி" என்றேன். விழித்தாள். "பிள்ளையாருக்குத் தம்பி" என்றேன். இன்னும் விழித்தாள். சரி என்று பேனாவை வாங்கி நானே எழுதினேன். பாகூர் மேரியில், அதாவது நம்ம பிரெஞ்சு நகரசபை ஆபீசில், முருகேசன் என்ற பெயரை எழுதுகிற தினுசு உங்களுக்குத் தெரியும், கூட்ஸ் வண்டி மாதிரி நீளமாக இருக்கும். அவளால் அதைப் படிக்கவே முடியவில்லை.

அடுத்தது, எந்த தேசத்துப் பிரஜை? எங்கள் ஊரை ஆள்வது பிரெஞ்சுக்காரன். "பிரெஞ்சு" என்றேன். என் மூக்குத்தியைப் பார்த்தாள். பின்கொசுவத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறப்புப் பத்திரம் முழுக்கப் பிரெஞ்சில். அதை இங்கிலீஷில் பெயர்த்து முத்திரை வாங்கிவரச் சொன்னார்கள். முத்திரை போடுகிற ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாம் தடவை அங்கிருந்தவன், இந்த மாதத்துக்குள் ஒரு கோஸ்ட் அளவு வாய்ப்புகூட இல்லை என்றான். கோஸ்ட் என்றால் பேய், அந்தப் பேய் எத்தனை முழம் என்று கேட்க எனக்கு இங்கிலீஷ் போதவில்லை.

கடைசியில் தலைமை மிஸ்ஸே அறையிலிருந்து வெளியே வந்தாள். பெரிய மிஸ். பிள்ளைகள் எல்லாரும் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் டிராகன். ஒட்டடைக்கொம்பு உயரம், சிரித்தே பார்க்க முடியாத முகம். என் தாளை வாங்கிப் படித்தாள். "போன்ழூர், மதாம்" என்றாள். நான் விடுவேனா? வில்லியனூர் பள்ளிக்கூடத்தில் சர்த்திபிக்கா பரீட்சை வரை படித்தவள் நான். பத்து நிமிஷம் இரண்டு பேரும் பிரெஞ்சில் பேசினோம். முத்திரை கித்திரை ஒன்றும் வேண்டாம் என்று அங்கேயே சேர்த்துக்கொண்டாள்.

நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். ஆனால் நான் பிள்ளையாருக்குத் தம்பி என்று சொன்னபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். தனம் சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

4

பாகூரில் அம்மன் திருவிழாவின்போது, பகலிலே வண்டிச் சோறு என்று ஒன்று நடக்கும். வீட்டுக்கு வீடு சோறு வடித்துக் கொண்டுவந்து மாட்டு வண்டியில் மலையாகக் குவிப்பார்கள். மேலே மொச்சைக் குழம்பு, முருங்கைக்கீரை, அதிரசம், வடை. அந்தச் சோற்றைத் தின்ன ஏரிக்கரைப் பக்கமிருந்து அசுரன் வருவான். ஊரில் அவனைச் சோத்தசுரன் என்பார்கள். கூத்து கட்டுகிற ஆள் ஒருவர்தான் வேஷம் போடுவார். முகத்தில் அரிதாரம், கன்னத்தில் அரிசிமாவுப் புள்ளி, சுரைக்குடுக்கையைச் செதுக்கிய கோரைப்பல், தலையில் கிரீடம். ஊரே ஓடும், துரத்துவான், சண்டை நடக்கும், அறுவடை முடிந்த வயலில் அவனைக் கொன்று சாய்ப்பார்கள்.

கொன்றபிறகுதான் முக்கியமான காரியம். அரிதாரம் பூசின ஆள் மண்ணில் சாய்ந்துவிட்டால், கற்பூரம் காட்டாமல் எழுந்திருக்கக் கூடாது. அவர் வீட்டுப் பெண்பிள்ளைதான் காட்ட வேண்டும். பெண்டாட்டியோ, தாயோ, மகளோ. "கொன்னது அசுரன, படுத்துக்கீறது சாமி" என்பார்கள். கற்பூரம் மூன்று சுற்று சுற்றினதும் அவர் ஒரு உறுமல் உறுமி எழுந்து, சம்மணம் போட்டு உட்காருவார். பயந்த சுபாவமுள்ள பிள்ளைகளையெல்லாம் தாய்மார் கொண்டுவந்து அவர் மடியில் போடுவார்கள். காதோரம் மெதுவாக ஒரு உறுமல். அவ்வளவுதான், அந்தப் பிள்ளைக்கு அப்புறம் ஒன்றுக்கும் பயம் வராது. அதன்பிறகுதான் வண்டிச் சோற்றை ஊர் தின்னலாம்.

ஒரு வருஷம் கொன்று சாய்த்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கற்பூரம் பற்றவே இல்லை. அசுரன் அரைமணி நேரம் சேற்றில் கண்ணை மூடிக் கிடந்தான். நகரசபைத் தலைவரான ஊர் மேர் தன் குடையை அவன் முகத்துக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நின்றார். ஒருத்தரும் 'எழுந்திருப்பா' என்று சொல்லவில்லை.

என் அக்காவைப் பாகூரில் கொடுத்திருந்தது. திருவிழாவுக்குப் போன நான், அலறிக்கொண்டிருந்த அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அசுரன் முன்னால் நின்றேன். மடியில் போடக் குனிந்தேன். அசுரன் கண்ணை உருட்டிக்கொண்டே உதட்டை அசைக்காமல் சொன்னான்:

"கொயந்தைய அப்புறம் குடும்மா. பல்லு கயண்டு வுயுது, மொதல்ல அதப் புடி."

ஊரே பயபக்தியாக நிற்கிறது, நான் கையில் ஒரு கோரைப்பல்லோடு கெக்கெக்கே என்று சிரிக்கிறேன். அக்கா தலையில் குட்டினாள். கூட்டத்தில் பல்லைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன். அடுத்த தை மாதம் கல்யாணம். அடுத்த திருவிழாவில் கற்பூரத் தட்டு என் கையில். துரை டெமன் என்றதும் அவர் ஏன் பூரித்தார் என்று இப்போது புரிந்திருக்கும்.

5

போன வருஷம் விழாவுக்கு மேடை கட்டக் காலிப் பெட்டிகள் வேண்டும் என்று பள்ளிக்கூடம் கிட்டங்கியைக் கேட்டிருக்கிறது. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர் என் வீட்டுக்காரர். அங்கே ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஊரையே மிரட்டிச் சோறு வாங்கித் தின்கிற ஓகர், அவனை ஊர்ச் சிறுமிகள் தந்திரமாகக் கயிறு கட்டி வீழ்த்துகிற கதை. ஓகராக வந்தவர் பள்ளிக்கூடத்துக் கணக்கர். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பார். அட்டை முகமூடி போட்டுக்கொண்டு, "ஊ" என்றாராம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

இவருக்குப் பொறுக்கவில்லை. "அரக்கன்னா இப்படியா வருவான்? இவனப் பாத்தா எனக்கே சோறு போடணும்போல இருக்குது" என்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஏரிக்கரையிலிருந்து வருகிற மாதிரி ஒரு வரவு வந்து காட்டியிருக்கிறார். ஒரே ஒரு உறுமல். பிள்ளைகள் தெறித்து ஓடிவிட்டார்கள். அடுத்த நிமிஷம் எல்லாரும் திரும்பி வந்து, "ஒன்ஸ் மோர்!" என்றார்களாம். சின்ன மிஸ் அங்கேயே கையைப் பிடித்துக்கொண்டாள். கணக்கருக்கும் பெரிய நிம்மதி.

"இது நம்ம வண்டிச்சோத்துக் கதைதான் பூங்காவனம்! இவங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்று குதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மூலையிலிருந்து விசும்பல் கேட்டது. தனம்.

"அப்பா வேண்டாம்மா. எல்லாரும் சிரிப்பாங்க. எங்கப்பா ஆபீசர்னு சொல்லியிருக்கன்."

கிட்டங்கியில் மூட்டை எண்ணுகிறவரை ஆபீசர் ஆக்கிவிட்டிருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம் சிரித்தார். "சரிடி. பள்ளிக்கூடத்துல நான் உங்கப்பன் இல்ல. அரிதாரம் பூசினா எவனுக்கு அடையாளம் தெரியப் போவுது? இன்னா சொல்ற?"

சரி என்றாள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு மறுசோறு வாங்கவில்லை. அவர் மறுசோறு வாங்காத நாளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அடுப்படியில் போய் நின்று அழுதேன். இந்தப் பெண் எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள், நாங்கள் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறாள், கேரியரில் குழம்புசோறு வேண்டாம் என்கிறாள், அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். அப்பனை அப்பன் இல்லை என்றால் நான் எங்கே போவேன்?

எனக்கும் நிபந்தனைகள் வந்தன.

"நீ கடைசி வரிசையில உக்காரணும். கத்தக் கூடாது. தேங்கா, கற்பூரம்னு ஒண்ணும் கொண்டாரக் கூடாது. ப்ராமிஸ் பண்ணு."

"அரிதாரம் பூசி விழுந்தா கற்பூரம் காட்டாம எப்படிடி? உனக்குத்தான் சொல்லியிருக்கனே."

"அது ஊர்லம்மா! இது இங்கிலீஷ் ஸ்கூல்!"

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "கற்பூரம் கிடையாதுங்க. கொன்னதும் எழுந்துடுங்க."

"பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

விழா நாள் காலையில் பூஜை மாடத்திலிருந்து கற்பூர டப்பாவை எடுத்து, தனத்தின் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டிவிட்டு, திரும்ப அங்கேயே வைத்தேன். "பாத்துக்கோ. எடுத்துட்டுப் போவல." அவள் பாட்டுக்குத் தலைபின்னிக்கொண்டாள்.

6

விழா சாயங்காலம் நாலு மணிக்கு. மண்டபம் நிறைய தொப்பிகளும் விசிறிகளும். நான் கடைசி வரிசையில், தூணை ஒட்டி உட்கார்ந்தேன். தனம் மேடையில் ஊர்ச் சிறுமிகளில் ஒருத்தி. பாவாடைக்கு மேல் வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தாள். 'மான்ஸ்டர் வருகிறது' என்று கத்துவது மட்டும்தான் அவளுக்கு வசனம்.

கத்தினாள். அவர் வந்தார்.

அடடா! தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளில் தானே செய்துகொண்ட கிரீடம், முகமெல்லாம் மஞ்சளும் சிவப்பும், கண்ணைச் சுற்றிக் கரி, வாயில் கோரைப்பல். திரைக்குப் பின்னாலிருந்து முதல் உறுமல் வந்ததுமே முன்வரிசையில் ஒரு தொப்பி கீழே விழுந்தது. ஒரு காலைத் தூக்கிச் சுழன்று வந்து நின்றார் பாருங்கள், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கத்தக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். முன்வரிசையில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை வீலென்று அலறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மற்றவர்கள் கைதட்டித் தீரவில்லை.

பிள்ளைகள் கயிற்றை இழுத்தார்கள். பெட்டிகள் அதிர, மலை சாய்கிற மாதிரி விழுந்தார். கதை முடிந்தது. பிள்ளைகள் வரிசையாக நின்று கும்பிடு போட்டார்கள். ஓகரும் எழுந்து வந்து கும்பிட வேண்டும். எழுந்திருக்கவில்லை.

முந்தானையை வாயிலிருந்து எடுத்தேன். சின்ன மிஸ் மேடையோரத்திலிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். அசையவில்லை. விழா முடிந்தது என்று நினைத்து, பியானோக்காரி இங்கிலீஷ் ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டை ஆரம்பித்துவிட்டாள். மண்டபம் முழுக்கத் தடதடவென்று எழுந்து நின்றது. ராஜாவுக்கு எழுந்திருக்காதவன் செத்துக் கிடந்த ஓகர் ஒருத்தன்தான். அதிலும் அவன் பிரெஞ்சுப் பிரஜை! பியானோ பாதியில் நின்றது. யாரோ "டாக்டர்!" என்று கூப்பிட்டார்கள். டிராகன் தன் நாற்காலியிலிருந்து எழுந்து மேடைக்கு நடந்தாள்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்குத் தெரியும். வலதுகால் கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் கண்ணைத் திறக்க மாட்டார். முகத்தில் அரிதாரம் இருக்கிறது. மழையில் அரைமணி கிடந்த மனுஷன். வேண்டுமென்றால் விடியும்வரைகூடக் கிடப்பார். எழுந்து ஓடிப்போய், இவர் என் புருஷன், இன்னதுதான் வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. வாக்குக் கொடுத்திருந்தேன். கடைசி வரிசை, கத்தக் கூடாது, கற்பூரம் கூடாது. அதை மீறினால் என் மகள் என்னை என்றைக்கும் மன்னிக்க மாட்டாள். மீறாவிட்டால் அவர் அங்கேயே கிடப்பார், நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போவார்கள். எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

அப்போது தனம் என்னைப் பார்த்தாள். அத்தனை தலைகளையும் தாண்டி, நேராக என்னை. நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என்னிடம் ஒன்றும் இல்லையடி, நீதானே வேண்டாமென்றாய்.

அவள் வரிசையைவிட்டு மேடையின் முன்னால் வந்தாள். டிராகனைப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி இங்கிலீஷில் சொன்னாள். "அவருக்கு அடி படவில்லை, மிஸ். அவர் என் அப்பா. கற்பூரம் காட்டினால்தான் எழுந்திருப்பார். எங்கள் ஊரில் அப்படித்தான்."

எங்கள் ஊராம்! இரண்டு வயதில் விட்டுவந்த ஊர்.

ஏப்ரன் பையில் கையை விட்டாள். நோட்டுத்தாளில் மடித்த சின்னப் பொட்டலம். பிரித்தால் ஒரு வில்லை கற்பூரம். ஓகர் சாப்பிடுவதற்காக வைத்திருந்த தகரத் தட்டை எடுத்துக் கவிழ்த்து, அதன்மேல் வைத்தாள். சுற்றும்முற்றும் பார்த்தாள். நெருப்பு இல்லை.

டிராகன் தன் கைப்பையைத் திறந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்தாள். அவள் பையில் அது ஏன் இருந்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. டிராகன் என்றால் நெருப்புக் கக்கும் என்று என் நோட்டிலேயே எழுதியிருக்கிறது. தானே குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தாள்.

தனம் தட்டைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்று, கடைசி வரிசையைப் பார்த்துக் கத்தினாள். தமிழில்.

"அம்மா! எத்தினி சுத்து?"

"மூணுடி!" என்று நானும் கத்தினேன். ஆறு வருஷமாகச் சிங்கப்பூரில் அடக்கிவைத்திருந்த தொண்டை. துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

ஒன்று. இரண்டு. மூன்று. அசுரன் கண்ணைத் திறந்தான். உறுமினான் பாருங்கள், மண்டபமே ஓரடி எகிறியது. எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் வேலையாகத் தன் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்து மஞ்சளெல்லாம் அவள் முகத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் துடைக்கவில்லை.

பிறகு நடந்தது பாகூரேதான். பயந்த பிள்ளைகளை மடியில் வைத்தால் பயம் போய்விடும் என்று தனம் இங்கிலீஷில் விளக்கினாள். முன்வரிசையில் அலறின குழந்தையின் அம்மா தயங்கித் தயங்கி வந்தாள். அவர் காதோரம் மெதுவாக உறுமினார். குழந்தை அவர் கோரைப்பல்லைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அப்புறம் வரிசை. சீனப் பிள்ளைகள், வெள்ளைக்காரப் பிள்ளைகள், பயமே இல்லாத தடிப் பெண்கள்கூட. எல்லாம் முடிந்துதான் ராஜா வாழ்த்து. கிரீடத்தோடு, விறைப்பாக, கோரைப்பல் தெரிய நின்று ராஜாவுக்கு மரியாதை செய்தார் என் வீட்டுக்காரர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன், கற்பூரம் ஏதுடி என்று.

"காலையில நீ டப்பாவ ஆட்டிக் காட்டினப்பவே ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சும்மா. அப்பா எழுந்திரிக்க மாட்டாருன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கினார்.

7

இனி அந்த வரிக்கு வருகிறேன். இந்த வருஷ அழைப்பில் நாடகத்தில் நடிப்பவர்களின் பட்டியல் அச்சாகியிருக்கிறது. மற்ற எல்லாருக்கும் முழுப்பெயர். கீழிருந்து மூன்றாவது வரியில் மட்டும் இப்படி இருக்கிறது: 'ஓகர்: தனலட்சுமியின் அப்பா.'

டானா இல்லை. தனலட்சுமி. எழுத்துப் பிழைகூட இல்லை.

மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவளிடம் தாளை நீட்டினேன். "இது யார் வேலைடி?"

"மிஸ் அப்பா பேரக் கேட்டாங்க. எங்கம்மா அந்தப் பேரச் சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மாட்டன், இப்படிப் போடுங்கன்னு சொல்லிட்டன்." பையை மாட்டிவிட்டு, நான் சொல்லாமலே பூஜை மாடத்திலிருந்து கற்பூர டப்பாவை இறக்கிக் குலுக்கிப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு வாங்கணும்மா. அப்புறம், இந்தத் தடவ நீ மொத வரிசையில உக்காரு."